அமெரிக்காவில் வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்றப் பெர்மிட் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சொந்த வீட்டில் வாழும் பலர், வாட்டர் ஹீட்டரை மாற்றுவதற்கும் பெர்மிட் தேவை என்பதை, பழைய தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். வீட்டில் வெந்நீர் இல்லாத அந்த நேரத்தில், வந்து பார்க்கும் பிளம்பர் சில சமயம் பெர்மிட்டோடு ஒரு விலையும் பெர்மிட் இல்லாமல் ஒரு விலையும் சொல்கிறார்; இரண்டாவது விலை குறைவாக இருப்பதால் அதற்கே தலையசைத்துவிடத் தோன்றுவது இயல்பு. பெர்மிட்டை யாரிடம் கேட்பது, யார் பெயரில் எடுப்பது, ஆய்வாளர் எவற்றைப் பார்ப்பார், எந்தக் கட்டத்தில் வேலை உண்மையிலேயே முடிந்ததாகக் கருதலாம் என்பவற்றை அந்த அவசரம் வருமுன்பே அறிந்துகொள்வதற்கு இந்த வழிகாட்டி உதவும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலமும், பல இடங்களில் ஊருக்கு ஊரும் மாறுகின்றன. இங்கே தரப்படும் அளவுகள் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரிக் கட்டட விதித்தொகுப்புகளைச் சார்ந்தவை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இறுதி முடிவு உங்கள் ஊர்க் கட்டட அலுவலகத்துடையது.

பெர்மிட் எதற்காக

பெர்மிட் என்பது ஊராட்சி வருமானத்துக்காக வைத்த ஒரு கட்டணம் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டணம் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாட்டர் ஹீட்டர், வீட்டில் உள்ள மற்றக் கருவிகளைப் போன்றதல்ல. மூடிய கலத்தில் அழுத்தத்தோடு நிற்கும் வெந்நீர், எரிவாயுச் சுடர் அல்லது 240 வோல்ட் மின்சாரம், எரிந்த புகையை வெளியேற்றும் குழாய் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தவறாகப் பொருத்தினாலும் ஹீட்டர் வழக்கம்போல வெந்நீர் தந்துகொண்டேதான் இருக்கும். பிழை வெளியே தெரியாது. நிறுவியவரைத் தவிர இன்னொருவரும் வந்து பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

1982 ஜனவரி 19 அன்று ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்பென்சர் நகரிலுள்ள ஸ்டார் தொடக்கப் பள்ளியில் ஒரு வாட்டர் ஹீட்டர் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் குழந்தைகள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வேண்டிய கருவியும், அது தவறும்போது காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பு வால்வும் பயன்படாமல் போகும்போது நேர்வது இதுதான். அழுத்தத்தில் அடைபட்ட நீர், தன் கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே இருக்கும். கலம் கிழிந்த நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. இத்தகைய வெடிப்பு அரிது. புகைக்குழாய் சரியாக இழுக்காமல் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்புவதே அதைவிட அடிக்கடி நிகழக்கூடியது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முதல் படி: எந்த அலுவலகம் என்று கண்டறிதல்

நகர எல்லைக்குள் வீடு இருந்தால் பெரும்பாலும் நகரின் கட்டடப் பிரிவே பெர்மிட் வழங்கும். நகராட்சியோடு சேராத பகுதியில் வீடு இருந்தால் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தை அணுக வேண்டும். அஞ்சல் முகவரியில் ஓர் ஊரின் பெயர் இருப்பதாலேயே வீடு அந்த ஊரின் எல்லைக்குள் இருக்கிறது என்று பொருளல்ல. சொத்து வரிச் சீட்டைப் பார்த்தால் எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். சில இடங்களில் பொறுப்பு நாம் எதிர்பாராத துறையிடம் இருக்கிறது. சியாட்டில் நகரில் பிளம்பிங் பெர்மிட்டை வழங்குவது கட்டடத் துறை அல்ல, சியாட்டில் மற்றும் கிங் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை. ஆகவே அலுவலக வலைத்தளத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பெர்மிட் தேவையில்லை என்று முடிவு செய்துவிடாமல், தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே நல்லது.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "வாட்டர் ஹீட்டர் மாற்றப் பெர்மிட் வேண்டுமா?" என்பதோடு நிறுத்தாமல், எரிவாயுத் தொட்டியை அதே அளவுள்ள எரிவாயுத் தொட்டியாக மாற்றுகிறீர்களா, வேறு வகைக்குப் போகிறீர்களா, வேலையை நீங்களே செய்வதற்கு அனுமதி உண்டா, எத்தனை ஆய்வுகள் நடக்கும் என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வால்வு, தெர்மோஸ்டாட், மின்வெப்பக் கம்பி போன்ற உதிரிப்பாகத்தை மட்டும் மாற்றுவது பெரும்பாலான இடங்களில் பழுதுபார்ப்பாகவே கருதப்படுகிறது. அதற்குப் பெர்மிட் கேட்பதில்லை. முழு ஹீட்டரையும் எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, பழையதும் புதியதும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக இருந்தாலும், பெர்மிட் தேவைப்படும் வேலையாகவே அநேகமாக எங்கும் கொள்ளப்படுகிறது.

கான்டோமினியம், டவுன்ஹோம் போன்றவற்றில் வாழ்பவர்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதலையும் தனியே பெற வேண்டியிருக்கும். சங்கத்தின் ஒப்புதல் பெர்மிட்டுக்கு ஈடாகாது. பெர்மிட்டும் சங்கத்தின் ஒப்புதலுக்கு ஈடாகாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

இரண்டாம் படி: யார் பெயரில் பெர்மிட்

இந்தப் படியில்தான் பலர் அறியாமலேயே பெரும் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

தன் வீட்டில் தானே குடியிருக்கும் உரிமையாளர், லைசென்ஸ் இல்லாமலேயே பெர்மிட் எடுத்து வேலையைச் செய்ய இடமளிக்கும் மாநிலங்கள் பல. டெக்சாஸில் தன் சொந்தக் குடியிருப்பு வீட்டில் உரிமையாளர் பிளம்பிங் வேலை செய்வதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது; ஆனால் உள்ளூர்ப் பெர்மிட்டும் ஆய்வும் அதனால் நீங்கிவிடுவதில்லை. மாசசூசெட்ஸில் நிலைமை நேர்மாறானது. அங்கே சொந்த வீடே ஆனாலும் பிளம்பிங், எரிவாயு வேலைகளை லைசென்ஸ் பெற்ற பிளம்பரோ எரிவாயுப் பொருத்துநரோ மட்டுமே செய்யலாம், பெர்மிட்டையும் அவர்களே எடுக்க வேண்டும். நியூயார்க் நகரிலும் லைசென்ஸ் பெற்ற மாஸ்டர் பிளம்பர் வழியாகவே இந்த வேலை நடக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2025 ஜனவரி 1 முதல், லைசென்ஸ் இல்லாதவர் செய்யக்கூடிய சிறு வேலைகளின் உச்சவரம்பு 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தப்பட்டது. இதைக் காட்டி, "ஆயிரத்துக்குள் முடித்துத் தருகிறேன், லைசென்ஸ் தேவையில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கு, பெர்மிட் தேவைப்படாத வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும். வாட்டர் ஹீட்டர் மாற்றப் பெர்மிட் தேவை என்பதால், கூலிக்கு அதைச் செய்பவர் எவ்வளவு குறைந்த தொகை கேட்டாலும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பிளம்பிங் கான்ட்ராக்டர்களுக்கான வகை சி-36. லைசென்ஸ் எண்ணை மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் இட்டால், அது நடப்பில் உள்ளதா, பிணைப்பத்திரமும் தொழிலாளர் காப்பீடும் இருக்கின்றனவா என்பதை உடனே பார்க்கலாம்.

கான்ட்ராக்டரை அமர்த்திவிட்டீர்கள் என்றால் பெர்மிட்டை அவரே, அவருடைய லைசென்ஸின் பெயரில் எடுப்பதுதான் முறை. சிலர், "நீங்களே வீட்டுக்காரர் என்ற முறையில் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்பார்கள். அப்படி எடுக்கும்போது நீங்கள் கையொப்பமிடுவது, உரிமையாளரே கட்டுநர் என்ற உறுதிமொழியில். வேலையில் பிழை இருந்தாலும், வேலை செய்தவர் உங்கள் வீட்டில் காயமடைந்தாலும், கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். லைசென்ஸ் காலாவதியானவர்களும், அதை இழந்தவர்களும், எப்போதுமே பெறாதவர்களும் இந்த வழியை விரும்புகிறார்கள் என்பதால், இப்படிக் கேட்பதையே வேறொருவரைத் தேடுவதற்குப் போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஹீட்டரை விற்கும் பெரிய கடைகள் நிறுவும் வேலையையும் சேர்த்தே விற்கின்றன. விலைப்பட்டியலில் பெர்மிட் கட்டணம் தனி வரியாக இருக்கிறதா, ஆய்வுக்கு நேரம் குறிப்பது அவர்களா நீங்களா, ஆய்வில் திருத்தம் சொன்னால் மறுபடி வரக் கூடுதல் கட்டணமா என்ற மூன்றையும் பணம் செலுத்துமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை ஹீட்டர் என்று முடிவு செய்தல்

ஹீட்டரின் வகையைப் பொறுத்தே எந்தப் பெர்மிட் வேண்டும், எத்தனை வேண்டும் என்பது அமையும். எரிவாயுத் தொட்டிக்குப் பதில் எரிவாயுத் தொட்டி, மின்தொட்டிக்குப் பதில் மின்தொட்டி என்றால் வேலை எளிது. பெரும்பாலும் ஒரே பெர்மிட்டில் முடியும். அப்போதும் அளவுகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். 2015 ஏப்ரல் 16 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் ஆற்றல் திறன் விதிகளால் தொட்டிகளின் வெப்பக்காப்பு தடித்தது. அதற்கு முந்தைய 50 கேலன் தொட்டி இருந்த சிறு அலமாரிக்குள் இன்றைய 50 கேலன் தொட்டி நுழையாமல் போவதுண்டு.

குழாயில் ஓடும் நீரை அவ்வப்போதே சூடாக்கும், தொட்டியில்லாத எரிவாயு ஹீட்டருக்கு மாறுவது எளிய மாற்றமல்ல. வழக்கமான 40 கேலன் தொட்டி மணிக்குச் சுமார் 40,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கிறது, முழு வீட்டுக்கான தொட்டியில்லா ஹீட்டர்கள் பல 150,000 முதல் 199,000 பி.டி.யு. வரை கேட்கின்றன. இருக்கும் அரை அங்குல எரிவாயுக் குழாய் அதற்குப் போதாமல், மீட்டரிலிருந்தே பெரிய குழாய் இழுக்க வேண்டிவரலாம். பழைய புகைக்குழாயையும் பயன்படுத்த முடியாது. அந்தந்த மாதிரிக்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட குழாயைத்தான் போட வேண்டும். ஆகவே எரிவாயுக் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும், அதிலிருந்து எரிவாயு பெறும் மற்றக் கருவிகளையும் காட்டும் வரைபடத்தை அலுவலகம் கேட்கலாம்.

எரிவாயுவிலிருந்து ஹீட் பம்ப் ஹீட்டருக்கு மாறினால் பிளம்பிங் பெர்மிட்டோடு மின்பெர்மிட்டும் சேரும், பழைய எரிவாயுக் குழாயின் முனையை முறையாக அடைப்பதும் ஆய்வுக்கு உட்படும். காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் இந்தக் கருவிக்குப் போதிய காற்றுள்ள இடம் வேண்டும், குளிர்ந்து சொட்டும் நீரை வெளியேற்ற வடிகாலும் வேண்டும். ஹீட் பம்ப் ஹீட்டருக்கு மத்திய அரசு அளித்துவந்த 2,000 டாலர் வரையிலான வரிச்சலுகை, 2025 டிசம்பர் 31-க்குப் பின் நிறுவப்படுபவற்றுக்குக் கிடையாது. பழைய விளம்பரத் தாளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மாநிலங்களும் மின்நிறுவனங்களும் தரும் தள்ளுபடிகள் சில இன்னும் உண்டு. அவற்றுள் பல, முடிக்கப்பட்ட பெர்மிட்டின் நகலைக் கேட்கின்றன.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்குள்ள காற்றுத்தர வாரியம் 2023-இல் ஏற்ற விதித்திருத்தம், வீட்டு அளவிலான சிறிய எரிவாயு வாட்டர் ஹீட்டர்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடவே கூடாது என்பதற்கு 2027 ஜனவரி 1-ஐத் தொடக்க நாளாகக் குறித்தது. ஹீட்டர் வாங்குமுன் அந்த விதியின் இன்றைய நிலையை வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விண்ணப்பம், கட்டணம், அவசரம்

விண்ணப்பம் பெரும்பாலும் இணையத்திலேயே முடிந்துவிடும். முகவரி, உரிமையாளர் பெயர், கான்ட்ராக்டரின் லைசென்ஸ் எண், புதிய ஹீட்டரின் வகை, கொள்ளளவு, பி.டி.யு. அல்லது வாட் அளவு, அது வைக்கப்படும் இடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் ஆற்றல் விதிக்கு இணங்கியதைக் காட்டும் படிவமும் சேர வேண்டும். கட்டணம் ஊரைப் பொறுத்துச் சில பத்து டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை இருக்கும். ஒரே வகைக்கு ஒரே வகை மாற்றும் வேலை என்றால் பல ஊர்களில் அன்றே பெர்மிட் கிடைத்துவிடுகிறது.

சனிக்கிழமை இரவில் தொட்டி பிளந்தால் என்ன செய்வது? திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்வரை குடும்பமே பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அடிப்படையாகக் கொள்ளப்படும் இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடு, அவசர நிலையில் கருவியை முதலில் மாற்றிக்கொண்டு, அடுத்த அலுவலக வேலைநாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க இடம் தருகிறது. உங்கள் ஊர் இந்தப் பிரிவை மாற்றாமல் ஏற்றிருக்கிறதா என்பதை முதல் படியில் தொலைபேசியில் அழைக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால், அவசரத்தைக் காரணம் காட்டிப் பெர்மிட்டைத் தவிர்க்கச் சொல்பவருக்குப் பதில் சொல்ல முடியும். அந்த வேலைநாளையும் தவறவிட்டால், பெர்மிட் இல்லாமல் தொடங்கிய வேலைக்கான கூடுதல் கட்டணம் விழும். சில ஊர்களில் அது வழக்கமான கட்டணத்தின் இருமடங்கு.

ஐந்தாம் படி: நிறுவும்போதே ஆய்வாளரின் கண்ணால் பார்த்தல்

ஆய்வில் தவறுபவை பெரும்பாலும் புதிய ஹீட்டரின் குறைகள் அல்ல. பழைய ஹீட்டர் வைத்த காலத்தில் இல்லாத விதி இப்போது இருக்கிறது, பழையதைப் போலவே புதியதையும் பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான். "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்ற விடையை ஆய்வாளர் ஏற்கமாட்டார். ஆகவே வேலை நடக்கும்போதே கீழ்வருவனவற்றை நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பொறியியல் படிப்புத் தேவையில்லை, அளவுநாடா ஒன்று போதும்.

முதலில் டி அண்ட் பி வால்வு எனப்படும் வெப்ப, அழுத்தப் பாதுகாப்பு வால்வு. நீரின் வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டையோ எட்டினால் இது தானே திறக்கும். பழைய வால்வைக் கழற்றிப் புதிய தொட்டியில் போடக்கூடாது. வால்விலிருந்து வரும் வடிகுழாய், வால்வின் வாயைவிடக் குறுகலாக இருக்கக்கூடாது. வழியில் மேல்நோக்கி ஏறக்கூடாது. நடுவே அடைப்பானோ வால்வோ இருக்கக்கூடாது. முனையில் மறை வெட்டியிருக்கக்கூடாது, ஏனெனில் சொட்டுகிறதே என்று யாரேனும் ஒரு மூடியைத் திருகிவிட்டால் தொட்டிக்கு மூச்சுவிட வழியே இல்லாமல் போகும். குழாய் முடியும் உயரத்தில் விதித்தொகுப்புகள் வேறுபடுகின்றன. இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடுப்படி தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் பின்பற்றும் யூனிஃபார்ம் பிளம்பிங் கோடு, வெளியே தரைக்கு மேல் 6 முதல் 24 அங்குலத்துக்குள் கீழ்நோக்கி முடிய வேண்டும் என்கிறது.

அடுத்தது விரிவாக்கத் தொட்டி. சூடாகும் நீர் விரியும். தெருக்குழாயிலிருந்து வரும் வழியில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வோ அழுத்தக் குறைப்பு வால்வோ இருந்தால், விரிந்த நீர் திரும்பிப் போக இடமின்றி வீட்டுக் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றும். அத்தகைய மூடிய அமைப்பில் விரிவைத் தாங்க ஏற்பாடு வேண்டும் என்பது விதி. அதற்குப் பொதுவாக வைக்கப்படுவதே எக்ஸ்பான்ஷன் டேங்க். வீட்டுக்கு வரும் நீரழுத்தம் 80 பவுண்டைத் தாண்டினால் அழுத்தக் குறைப்பு வால்வும் கட்டாயம். வெளிக்குழாயில் திருகிப் பார்க்கும் அழுத்தமானி மலிவாகக் கிடைக்கும். ஹீட்டர் மாற்றாவிட்டாலும் அதை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எரிவாயு ஹீட்டருக்கு எரிவதற்கான காற்றும், எரிந்த புகை வெளியேறும் வழியும் உயிர்நாடி. வீட்டின் உட்காற்றையே பயன்படுத்தும் ஹீட்டருக்கு, ஒவ்வொரு 1,000 பி.டி.யு.வுக்கும் 50 கன அடி இடம் என்பது வழக்கமான கணக்கு, 40,000 பி.டி.யு. தொட்டிக்கு 2,000 கன அடி வேண்டும். எட்டடி உயரக் கூரை என்றால் அது 250 சதுர அடி அறை. சிறிய அலமாரிக்குள் வைத்தால் கதவிலோ சுவரிலோ மேலும் கீழும் காற்றுத் திறப்புகள் தேவைப்படுவது இதனால்தான். சத்தம் வருகிறது, குளிர்காற்று வருகிறது என்று அந்தத் திறப்புகளை அட்டையால் மறைப்பவர்கள் தங்களையே ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள். புகைக்குழாய் ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது கால் அங்குலம் மேல்நோக்கி ஏற வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாய் எரியக்கூடிய பொருளிலிருந்து 6 அங்குலமும், இரட்டைச் சுவருள்ள பி-வென்ட் குழாய் 1 அங்குலமும் விலகியிருக்க வேண்டும்.

இங்கே எளிதில் தவறவிடக்கூடிய ஒரு நிலை உண்டு. ஒரு காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருக்கும். பிறகு ஃபர்னஸை உயர்திறன் வகைக்கு மாற்றி, அதற்குப் பிளாஸ்டிக் குழாயில் தனி வழி கொடுத்திருப்பார்கள். தனித்துவிடப்பட்ட வாட்டர் ஹீட்டரின் சிறு புகைக்கு அந்த அகன்ற செங்கல் புகைபோக்கி மிகப் பெரிது. புகை சூடேறி மேலெழாமல் குளிர்ந்து, ஈரமாகி, சில வேளை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அத்தகைய புகைபோக்கிக்குள் சரியான விட்டமுள்ள உலோக உறை செலுத்த வேண்டும். உங்கள் வீட்டில் ஃபர்னஸ் மாறிய வரலாறு இருந்தால், பிளம்பர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எரிவாயுக் குழாயில் எளிதில் கை எட்டும் அடைப்பு வால்வும், குழாயில் வரும் துகள்களைப் பிடிக்கும் சிறு கீழ்க்கிளையும் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

கராஜில் வைக்கப்படும் ஹீட்டரின் தீப்பொறி எழும் பகுதி, தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும் என்பதே காரணம். 2003 முதல் வந்த, ஆவித் தீப்பற்றலைத் தடுக்கும் அமைப்புள்ள தொட்டிகளுக்கு விதித்தொகுப்பில் விலக்கு உண்டு. ஆனாலும் சில ஊர்கள் மேடை வேண்டும் என்றே கேட்கின்றன. கார் மோதும் இடத்தில் ஹீட்டர் இருந்தால் முன்னே இரும்புத் தூணோ தடுப்போ வேண்டும்.

கலிஃபோர்னியாவில் புதிய, மாற்றுத் தொட்டிகள் அனைத்தையும் நிலநடுக்கத்தில் சாயாதபடி சுவரோடு பிணைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தொட்டி உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கிலும் கீழ் மூன்றில் ஒரு பங்கிலும் பட்டைகள் வர வேண்டும். கீழ்ப்பட்டை கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் குறைந்தது 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும். பட்டையின் திருகு சுவர்ப்பலகையில் மட்டும் இறங்கி, உள்ளிருக்கும் மரச்சட்டத்தைப் பிடிக்காமல் போவது வழக்கமான குறை.

மாடியிலோ பரணிலோ, ஒழுகினால் வீட்டுக்குச் சேதம் வரும் எந்த இடத்திலோ ஹீட்டர் இருந்தால் அடியில் குறைந்தது ஒன்றரை அங்குல ஆழமுள்ள கசிவுத் தட்டும் அதற்கு வடிகுழாயும் வேண்டும். முன்பு வடிகுழாய் இல்லாத இடத்தில் மாற்று ஹீட்டர் வைக்கும்போது, தட்டு போதும், வடிகுழாய் கட்டாயமில்லை என்று அண்மைப் பதிப்புகள் தளர்த்தியிருக்கின்றன.

மின்தொட்டி என்றால் கம்பியும் பிரேக்கரும் பொருந்த வேண்டும். 240 வோல்ட்டில் 4,500 வாட் எடுக்கும் தொட்டி 18.75 ஆம்பியர் இழுக்கும். விதிப்படி அதன் 125 விழுக்காட்டைக் கணக்கில் கொண்டால் சுமார் 23.4 ஆம்பியர். எனவே 30 ஆம்பியர் பிரேக்கரும் 10-ஆம் எண் செப்புக் கம்பியும் போடுவது வழக்கம். சிறிய தொட்டிக்கு 20 ஆம்பியர் பிரேக்கரோடும் அதைவிட மெல்லிய 12-ஆம் எண் கம்பியோடும் இருந்த இடத்தில், பிரேக்கரை மட்டும் 30-ஆக மாற்றிவிடுவது தீவிபத்துக்கு வழி.

ஆறாம் படி: ஆய்வு

ஆய்வுக்கு நேரம் குறித்த நாளில் பெர்மிட் தாள், ஹீட்டரோடு வந்த நிறுவல் கையேடு இரண்டையும் ஹீட்டருக்கு அருகில் வைத்திருங்கள். கையேடு அவசியமானது, விதித்தொகுப்போடு உற்பத்தியாளரின் அறிவுரைகளையும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பரணில் ஹீட்டர் இருந்தால் ஏணி வைத்திருங்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் புகை அபாயமணிகளும் கார்பன் மோனாக்சைடு அபாயமணிகளும் உரிய இடங்களில் இயங்குகின்றனவா என்றும் பார்ப்பார்கள், அல்லது அவை இருப்பதாக உங்களிடம் கையொப்பம் வாங்குவார்கள். பெரும்பாலும் இந்த ஆய்வு அரை மணி நேரத்தைக் கூடத் தொடாது.

குறை கண்டால் திருத்தக் குறிப்பு எழுதித் தருவார். அதைத் தோல்வியாக எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. எழுதியதைப் படமெடுத்துக் கான்ட்ராக்டருக்கு அனுப்பி, திருத்தி, மறு ஆய்வு கேட்க வேண்டும். குறிப்பு விளங்கவில்லை என்றால், எந்தப் பிரிவின்படி இது தேவை என்று ஆய்வாளரிடமே கேட்கலாம். அவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கான்ட்ராக்டருக்கான கடைசித் தவணையை ஆய்வு முடியும்வரை நிறுத்தி வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், திருத்த வருவதற்கு அவர் தயங்கமாட்டார்.

ஏழாம் படி: பெர்மிட்டை மூடுதல்

பெர்மிட் எடுத்தாகிவிட்டது, வெந்நீரும் வருகிறது, அத்தோடு மறந்துவிடுவதே இந்த முழு வேலையிலும் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கான்ட்ராக்டர் பெர்மிட்டுக்குப் பணம் கட்டியிருப்பார். ஆய்வுக்கு அழைக்கவே மாட்டார். பெர்மிட் அலுவலகப் பதிவில் திறந்தபடியே கிடந்து காலாவதியாகும். மாதிரி விதித்தொகுப்பில் 180 நாள் வேலை தொடங்காமலோ தொடங்கிய வேலை நின்றுபோயோ இருந்தால் பெர்மிட் காலாவதியாகும். ஆகவே ஆய்வு முடிந்தபின் அலுவலகத்தின் இணையப் பதிவில் உங்கள் முகவரியைத் தேடி, இறுதி ஆய்வு நிறைவு என்று பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஹீட்டரின் ரசீதோடும் உத்தரவாதத் தாளோடும் வையுங்கள்.

வீட்டை விற்கும்போது இந்தத் தாள் வேலைக்கு வரும். கலிஃபோர்னியாவில் விற்பவர் நிரப்ப வேண்டிய வெளிப்படுத்தல் படிவத்தில், பெர்மிட் இல்லாமல் செய்த மாற்றங்கள் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் பிணைக்கப்பட்டிருப்பதையும் விற்பவர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். தண்ணீர்ச் சேதத்துக்கோ தீ விபத்துக்கோ காப்பீடு கேட்கும் நிலை வந்தாலும், நிறுவனம் எழுப்பக்கூடிய முதல் கேள்விகளில் ஒன்றுக்கு விடை உங்கள் கையில் இருக்கும்.

முந்தைய உரிமையாளரோ நீங்களோ பெர்மிட் இல்லாமல் வைத்த ஹீட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதற்கும் வழி உண்டு. அலுவலகத்தில் பின்னோக்கிய பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கூடுதல் கட்டணம் இருக்கலாம், இருக்கும் ஹீட்டரை ஆய்வாளர் வந்து பார்ப்பார், குறை இருந்தால் திருத்தச் சொல்வார். முதலில் தொட்டியின் விவரத் தகட்டில் உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். தொட்டி வகை ஹீட்டர் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் உழைக்கும் என்பதால், ஆயுள் முடியப்போகும் தொட்டிக்குப் பட்டை, வடிகுழாய், விரிவாக்கத் தொட்டி என்று செலவழித்துப் பின்னோக்கிய பெர்மிட் எடுப்பதைவிட, அந்தப் பணத்தைச் சேர்த்துப் புதிய தொட்டியைப் புதிய பெர்மிட்டோடு வைத்துவிடுவதே கணக்குக்குச் சரியாக வரும். இரண்டு மூன்று ஆண்டுத் தொட்டி என்றால் பின்னோக்கிய பெர்மிட்டே போதும். வீட்டை விற்பனைக்கு வைக்கும்வரை காத்திராமல், அவசரம் எதுவும் இல்லாத ஒரு மாதத்தில் அதை எடுத்துவிடுங்கள்.